தேய்த்து அனுப்பிய இருபது பீஸ்

இருபது பீஸையும் கண்ணாடி மாதிரி தேய்த்துத் தரவேண்டும் என்று மச்சான் உத்தரவு போட்டபோது, பிரஷ் அக்காவுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. தேய்ப்பதுதானே பிழைப்பு. எதற்கு என்று கேட்டுத் தொலைத்த பிறகுதான் தலை சுற்றியது.

மச்சான் என்பது முதலாளிக்கு மட்டும் உரிய உறவு. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. ஆனால் தொழிற்சாலையில் நூற்று இருபது பேருக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் மச்சான்தான். முகத்துக்கு நேரே ‘சார்’. அவருடைய விசிட்டிங் கார்டில் வருஷத்துக்கு ஒரு பதவி ஏறும். அந்த வருஷம் ‘இயக்குநர், நவீனமயமாக்கல்’ என்று போட்டிருந்தது. என்ன நவீனமானது என்று யாருக்கும் தெரியாது, கார்டைத் தவிர.

தொழிற்சாலையில் பஸ் சீட்டுக்கு இரும்புக் கால் செய்தார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, அடியில் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற பாதத்தை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து அனுப்புவது. பெயின்ட்டுக்கு முன்னால் துருவை எடுக்க வேண்டும். அதற்குத்தான் பின் ஷெட்டில் பத்துப் பேர் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேருக்கும் தலைவி பிரஷ் அக்கா. அந்தப் பத்தில் ஒருத்தி அவளுக்குச் சொந்த நாத்தனார். வீட்டிலும் அவள் வாய்தான், வேலையிலும் அவள் வாய்தான். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் போகும் இருபது நிமிஷமும் அவள் வாய்தான்.

அனுப்பிய சரக்கில் இரண்டு லாட் திரும்பி வந்திருந்தது. வெங்காயத் தோல் மாதிரி பெயின்ட் உரிந்துகொண்டு வந்தது. பிரஷ் போகாத மூலையில், கிண்ணத்தின் உட்புறத்தில், துரு அப்படியே இருந்து பெயின்ட்டைத் தூக்கிவிட்டது. மூன்றாவது லாட்டும் உரிந்தால் நாலாவது லாட் கிடையாது என்று கால்களை வாங்கும் சீட் கம்பெனி எழுதிவிட்டது. கால் இல்லையென்றால் துரு இல்லை, துரு இல்லையென்றால் பிரஷ் ஷெட் இல்லை என்பதை முதலாளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தப்படுவதில் அவருக்குச் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே மிஷின். கடுகு மாதிரிச் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி அடித்துத் துருவைத் தூள் தூளாக்கும் மிஷின். ஷாட் பிளாஸ்டிங் என்று பெயர். ஒரு பக்கம் தானாக நகரும் கன்வேயரில் பீஸை வைத்தால் மறுபக்கம் சுத்தமாக வந்துவிடும். மூன்று கம்பெனிகளிடம் விலைப்பட்டியல் கேட்டு, ஓட்டிப் பார்க்க ஆளுக்குச் சில பீஸ் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த இருபது பீஸைத்தான் மச்சான் தேய்க்கச் சொன்னார்.

“ஏன் சார், துருவ எடுக்கத்தானே மிஷின் வாங்குறோம்? நாமளே எடுத்துட்டு அனுப்பினா அது எதை எடுக்கும்?”

“அக்கா, இது வெளிக் கம்பெனிக்குப் போற பொருள். துருவும் அழுக்குமா அனுப்பினா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? விருந்தாளி வந்தா வீட்டக் கூட்டி வைக்கிறதில்லையா?”

“விருந்தாளிக்குக் கூட்டலாம் சார். தொடப்பம் விக்கிறவன் வர்றப்பவும் கூட்டி வச்சா, தொடப்பம் நல்லாக் கூட்டுமான்னு எப்படிப் பாக்குறது?”

மச்சான் மன்னித்துவிட்ட சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். “உங்களுக்கு இந்த லெவல் புரியாதுக்கா. தேய்ங்க.”

தேய்த்தார்கள். ஒரு பீஸுக்கு நாற்பது நிமிஷம். கிண்ணத்துக்குள் விரலில் துணி சுற்றி நுழைத்து, பல் விளக்குவது மாதிரித் தேய்த்தார்கள். முடிந்ததும் நாத்தனார் ஒன்றைத் தூக்கிப் பிடித்து அதில் முகம் பார்த்தாள்.

“அண்ணி, இவ்வளவு நாளா நாம தேய்ச்சதுலயே இதுதான் உருப்படி. இதே மாதிரி லாட்டயும் தேய்ச்சிருந்தா ஒண்ணும் திரும்பி வந்திருக்காது.”

“ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் குடுக்கணும். பீஸுக்கு நாப்பது நிமிஷம்னா, உனக்குப் பேரன் பொறந்து அவனும் வந்து தேய்ச்சாலும் தீராது.”

மூன்று கம்பெனிகளில் மூன்றாவது ஒரு சின்னக் கம்பெனி. அதிலிருந்து முன்கூட்டியே ஒரு கடிதம் வந்திருந்தது. ‘உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பீஸ்களை அனுப்பவும். நன்றாகத் துருப்பிடித்ததாக இருந்தால் நல்லது.’ இதைப் படித்த மச்சானின் காது சிவந்துவிட்டது. “நம்மகிட்ட மோசமானது இருக்குன்னு அவனுக்கு யார் சொன்னது?” என்று கேட்டு, இருபதில் அதிகமாக மின்னிய ஆறை எடுத்து அவர்களுக்கே அனுப்பி வைத்தார். பழி வாங்குவதில் அப்படியும் ஒரு வகை உண்டு.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு பிரஷ் அக்காவையும் கூப்பிட்டார்கள். காரணம், மிஷின் தேர்ந்தெடுக்க அமர்த்தியிருந்த ஆலோசகர். அவர் நாற்பத்தொரு அம்சங்கள் கொண்ட மதிப்பெண் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தார். அதில் முப்பத்தேழாவது அம்சம் ‘தொழிலாளர் பங்கேற்பு’. ஒரு தொழிலாளி அறைக்குள் வந்து உட்கார்ந்தால் அந்த மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும். அக்கா உட்கார்ந்தாள். ஆலோசகர் டிக் அடித்தார். அவர் வரையில் அக்காவின் வேலை முடிந்தது.

ஆலோசகர் கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா வைத்திருந்தார். சுவரில் தெரிந்த படத்தில் எதைக் காட்ட வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அந்த வெளிச்சம் ஓடியது.

“சுத்தம் செய்யும் திறன். முதல் கம்பெனி, நூத்துக்கு நூறு. ரெண்டாவது கம்பெனி, நூத்துக்கு நூறு. நாம அனுப்பின பீஸ் எல்லாமே ஒரு பொட்டு துரு இல்லாம திரும்பி வந்திருக்கு.”

“போறப்பவே இல்லியே” என்றாள் அக்கா. யார் காதிலும் விழவில்லை.

“மூணாவது கம்பெனி, பூஜ்யம்.”

முதலாளி நிமிர்ந்தார். “ஏன்?”

மச்சான் ஒரு காகிதத்தை எடுத்து, தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார்: “‘நீங்கள் அனுப்பிய பீஸ்கள் ஏற்கெனவே சுத்தமாக இருந்தன. இவற்றை வைத்து எதையும் சோதிக்க முடியாது.’ முடியாதுன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான் மாமா. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ம்” என்றார் முதலாளி.

முதலாளியின் ‘ம்’ பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பார். கேட்டு ‘ம்’ என்பார். ஆனால் எந்த ‘ம்’ நிற்குமென்றால், கடைசியாகச் சொன்ன ‘ம்’தான் நிற்கும். அவரிடம் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சே முடிவு. இது தெரியாமல் பல திறமைசாலிகள் முதலில் பேசிக் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

மச்சான் மனசு முதல் கம்பெனியின் மேல் இருந்தது. உருளைகளின் மேல் பீஸ் நகர்ந்து போகும் ரோலர் கன்வேயர். ஐம்பத்தைந்து அடி நீளம். பெரிய பெரிய தகடும் உத்தரமும் சுத்தம் செய்கிற மிஷின்.

“சைக்கிள் ஷெட்ட இடிச்சுட்டு வாசலுக்கு நேரா வச்சோம்னு வைங்க மாமா, வர்றவங்க கேட்லயே அசந்து போயிருவாங்க.”

“ம்.”

“நீளத்துல அதுக்குத்தான் முழு மார்க்” என்றார் ஆலோசகர். நீளம் பதினாலாவது அம்சம். நிறம் பதினைந்தாவது.

“ம்.”

எல்லோரும் காகிதத்தை அடுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அக்கா எழவில்லை.

“சார், ஒரே ஒரு சந்தேகம். அந்த ரோலருக்கும் ரோலருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்? நம்ம கால் நீளம் ஒரு முழம், அகலம் நாலு விரக்கட.”

ஆலோசகர் சிவப்பு வெளிச்சத்தைக் கூரையில் அடித்தார். “அது மாடலப் பொறுத்தது.”

“அப்ப ஒரு தடவ நேர்ல போய் ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா என்ன சார்? நாளைக்கு அது முன்னாடி நிக்கப் போறது நாங்கதானே. நானும் கூட வர்றேன்.”

அறையில் வேறு யாரும் பேசவில்லை.

“ம்” என்றார் முதலாளி.

அக்காவின் புருஷன் பஸ் டிரைவர். அன்றைக்குச் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “என் பஸ்ஸுல இருக்கிறதே உங்க கம்பெனிக் கால்தான். ஓரமா உக்காந்தவங்க எல்லாம் பேன்ட்ல பழுப்புக் கறையோட எறங்குறாங்க. டிக்கெட்டோட துருவும் இனாமான்னு ஒருத்தர் கேட்டுட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னேன்.”

“சம்பந்தம் இல்லாமத்தான் கட்டிக்கிட்டியாண்ணே?” என்றாள் நாத்தனார்.

அக்கா சிரிக்கவில்லை. “நேர்ல போறோம். ஆனா அங்க போயும் தேய்ச்ச பீஸத்தான் குடுப்பாரு மச்சான். அதுக்கு ஒரு பெட்டி வேற செய்யச் சொல்லியிருக்காரு. உள்ள வெல்வெட்டு.”

“பஸ்ஸுக்குப் புதுசா பிரேக் மாட்டினா எங்க ஓட்டிப் பாப்போம்?” என்றான் புருஷன். “இறக்கத்துல. சமதரையில நிக்கிறதுக்கு பிரேக் எதுக்கு? காலத் தொங்கப் போட்டாலே நிக்கும்.”

மறுநாள் காலை அண்ணியும் நாத்தனாரும் பின் ஷெட்டுக்கு வெளியே திரும்பி வந்த லாட் குவிந்திருந்த மூலைக்குப் போனார்கள். மழையில் நனைந்து செந்நிறமாய்ப் போனது, வெல்டிங் பொருக்கு கருகிப் பிடித்தது, பாதி பெயின்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி நின்றது, தகட்டை வளைக்கும் பிரஸ் மிஷினின் எண்ணெயில் ஊறியது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுத்தால்கூட அத்தனை நேரம் ஆகியிருக்காது.

“இது வேணாம் அண்ணி, இதுல துரு கம்மி. அழகா இருக்கு.”

“தூக்கிப் போடு.”

பன்னிரண்டு தேறியது. புருஷனின் பழைய டூட்டிப் பையில் போட்டார்கள். பை தரையோடு இழுத்தது.

காரில் முதலாளி முன்னால், மச்சானும் ஆலோசகரும் அக்காவும் பின்னால். வெல்வெட் பெட்டி மச்சான் மடியில். டூட்டிப் பை அக்காவின் காலடியில்.

“பையில என்னக்கா? சாப்பாடா?”

“ஆமா சார். மிஷினுக்கு.”

மச்சான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

முதல் கம்பெனியில் தரை வழுவழுவென்று இருந்தது. கோட்டுப் போட்ட விற்பனையாளர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வரவேற்றார். நடுக்கூடத்தில் ரயில் பெட்டி மாதிரி நின்றது மிஷின். அவர்களே வைத்திருந்த துருப்பிடித்த பெரிய தகடு ஒன்று ரோலர்மேல் உருண்டு உள்ளே போய், வெள்ளி மாதிரி வெளியே வந்தது. மச்சான்தான் முதலில் கைதட்டினார். பொய் சொல்லக்கூடாது, அக்காவும் கைதட்டினாள். நிஜமாகவே நல்ல மிஷின்.

பிறகு அக்கா பையைத் திறந்தாள்.

“அக்கா! ஐயோ, அத உள்ள வைங்க! மானம் போகுது!” என்று மச்சான் வெல்வெட் பெட்டியை முன்னால் நீட்டினார். அதற்குள் அக்கா முதல் பீஸை ரோலரில் வைத்துவிட்டாள். செந்நிறப் பீஸ் ஒரு கஜ தூரம் கம்பீரமாகப் போயிற்று. பிறகு ரோலருக்கும் ரோலருக்கும் நடுவே தலையைக் கவிழ்த்தது, கிணற்றில் எட்டிப் பார்த்தவன் மாதிரிக் காலைத் தூக்கியது, காணாமல் போனது. உள்ளேயிருந்து ‘டங்’ என்றது. இரண்டாவது பீஸும் ‘டங்’. மூன்றாவதற்கு மிஷினே நின்றுவிட்டது.

கொக்கி போட்டு வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. விற்பனையாளர் கோட்டைக் கழற்றிவிட்டார்.

“ஒரு தட்டு செஞ்சு அதுல அடுக்கி அனுப்பலாம் மேடம்.”

தட்டில் அடுக்கி அனுப்பினார்கள். வந்ததும் அக்கா ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். மேலே வெள்ளி. தட்டில் படுத்திருந்த அடிப்பக்கம் போன மேனிக்கே வந்திருந்தது.

“மேல பட்டு, கீழ கோணி. திருப்பி வச்சு இன்னொரு தடவ விடணும். எண்ணூறையும் ரெண்டு தடவ.”

விற்பனையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: “உண்மையச் சொல்லணும்னா மேடம், இது தகட்டுக்கான மிஷின். கால் போடுறீங்கன்னு யாரும் எங்ககிட்ட சொல்லல. வந்த ஆறு பீஸும் அவ்வளவு பளபளன்னு இருந்துச்சா, ஏதோ பரிசு ஷீல்டுன்னு நினைச்சுட்டோம்.”

மச்சான் மட்டும் மனம் தளரவில்லை. ஐம்பத்தைந்து அடியையும் ஒரு முறை ஆசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாமா, நாம காலுக்குப் பதிலா தகடு செய்ய ஆரம்பிச்சா என்ன?”

முதலாளி ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது கம்பெனியில் ரப்பர் பெல்ட் ஒன்று குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் புரட்டுவது மாதிரி பீஸ்களைப் புரட்டிப் புரட்டி அடித்தது. கதவைத் திறந்தபோது எல்லாமே சுத்தம். எல்லாப் பக்கமும் சுத்தம். ஆனால் எது எங்கே முடிகிறது என்றுதான் தெரியவில்லை. ஒரு காலின் வளைவுக்குள் இன்னொரு கால் மாட்டி, அதில் மூன்றாவது கால் கோத்துக்கொண்டு, நண்டுச் சண்டை மாதிரி ஒரே பிண்டமாக வந்தது. இரண்டு ஆள் இரண்டு பக்கம் நின்று இழுத்தார்கள். பிரிந்த பிறகு தரையில் நிறுத்தினால் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

“போல்ட், நட்டுன்னு கொண்டு வாங்க, இத மிஞ்ச மிஷின் கிடையாது” என்றார் அங்கிருந்தவர். அவரும் நியாயமான மனிதர்தான்.

“எங்களுக்கு இதுல மனுஷன் உக்காரணும்” என்றாள் அக்கா.

பையில் ஐந்து மிச்சம்.

மூன்றாவது கம்பெனிக்குப் போகவே வேண்டாம் என்றார் மச்சான். அங்கே தரை வழுவழு இல்லை. தரையே பாதிதான் இருந்தது. உள்ளே மிஷினுக்கு அடியிலிருந்து குட்டை முடியும், கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியுமாக ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். சட்டை முழுக்க கிரீஸ்.

“முதலாளியப் பாக்கணும்மா” என்றார் மச்சான்.

“பாத்துட்டீங்க. சொல்லுங்க.”

மச்சான் அவசரமாக வெல்வெட் பெட்டியைத் திறந்தார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். “ஓ, அவங்களா நீங்க? ஆறு பீஸ் வந்துச்சே, நகை மாதிரி. மறுபடியுமா?”

அக்கா பையைக் கவிழ்த்தாள். ஐந்து பீஸும் தடதடவென்று விழுந்தன. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். “இதத்தாங்க நான் எழுதிக் கேட்டேன்! என்ன அருமையான துரு!” பிறகு எண்ணெயில் ஊறியதை மட்டும் தனியே வைத்தாள். “இது ஆகாது.”

“ஏன்? உங்க மிஷினுக்கு முடியாதா?” என்று ஆலோசகர் பேனாவைத் திறந்தார்.

“எந்த மிஷினுக்கும் முடியாது. எண்ணெய் அந்தக் குண்டுல ஒட்டிக்கும். அப்புறம் எல்லாப் பீஸுக்கும் அதையே பூசி விட்டுரும். முதல்ல சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைக்கணும். அதச் செய்யாம மிஷின் வாங்கினா, மிஷினத் திட்டுவீங்க.”

ஆலோசகர் ‘குறை’ என்று எழுதிக்கொண்டார். அக்காவோ, காலையிலிருந்து இன்னது முடியாது என்று முதலிலேயே சொன்ன ஆள் இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மிஷின் சின்னது. நிறமும் சுமார். கன்வேயர் மட்டும் வேறு மாதிரி: இரும்புக் கம்பியில் பின்னிய வலை. பீஸ் விழாது, ஆனால் குண்டு வலை வழியாகப் புகுந்து அடியிலும் அடிக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு சக்கரம் குண்டை வீசிற்று. நான்கு பீஸும் ரப்பர்த் திரைக்குள் நுழைந்தன. உள்ளே ஆலங்கட்டி மழை. மறுபக்கத் திரை விலகியது.

மழை விட்ட வானத்தின் நிறத்தில், எல்லாப் பக்கமும் ஒரே சாம்பலாக, நேராக வந்து நின்றன. வெல்டிங் பொருக்கு இல்லை. உரிந்த பழைய பெயின்ட் இல்லை. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் பாதத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு கைப்பிடி குண்டு அவள் செருப்பில் கொட்டியது.

“பாருங்க மாமா!” மச்சான் துள்ளினார். “பாருங்க! ஒவ்வொரு பீஸும் ஒரு கை குண்டத் திருடிட்டு வருது! எண்ணூறு பீஸுக்கு எவ்வளவு ஆச்சு? பெயின்ட்டுக்குள்ள போச்சுன்னா?”

முதல் தடவையாக அவர் சொன்னது சரி. அந்த அம்மாளும் கிண்ணத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். முதலாளி ‘ம்’ சொல்ல வாயைத் திறந்தார்.

அக்கா கையிலிருந்த பீஸைப் புரட்டினாள். இதை விட்டால் ஐம்பத்தைந்து அடிதான். அதற்குப் பின்னால் உட்கார்ந்து பத்துப் பேரும் மறுபடி பிரஷ் போடவேண்டும், மூன்றாம் லாட் திரும்பி வரும் வரைக்கும்.

அவள் நான்கையும் எடுத்துத் தட்டிக் கொட்டினாள். அந்த ஷெட் மூலையில் கிடந்த துருப்பிடித்த இரும்புக் கோணத் துண்டு ஒன்றை எடுத்து வலைமேல் குறுக்கே போட்டாள். நான்கு கால்களையும் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது போலக் கிண்ணம் கீழே பார்க்கக் கவிழ்த்து, அந்தத் துண்டின்மேல் லேசாகச் சாய்த்து வைத்தாள்.

“இப்ப ஓட்டுங்கம்மா.”

திரை விலகியது. நான்கும் வந்தன. அக்கா எடுத்து உதறினாள். ஒரு குண்டுகூட விழவில்லை. கிண்ணத்துக்குள் விரலை விட்டு அந்த அம்மாள் தடவிப் பார்த்தாள். அவளும், அக்காவும், முதலாளியும் மாறி மாறித் தடவினார்கள். எந்தப் பிரஷ்ஷும் நுழையாத அந்த மூலை சொரசொரவென்று சுத்தமாக இருந்தது.

“கவுத்து வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க” என்றாள் அந்த அம்மாள். “வலையிலயே நிரந்தரமா ஒரு தாங்கல் வச்சுத் தரேன். வெளிய வர்ற எடத்துல காத்து ஊதுற குழாயும் போட்டுடறேன். எத்தன வருஷமாங்க இந்தப் பீஸோட பழக்கம்?”

“பதினேழு. அது எப்படிப் படுத்தா எங்க அழுக்கு சேரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.”

திரும்பும் வழியெல்லாம் மச்சான் பேசினார். நீளம், வாசல், கௌரவம். ஆலோசகர் நாற்பத்தொன்றையும் மறுபடி கூட்டிப் பார்த்து, மூன்றாவது கம்பெனிக்குச் சுத்தத்தில் நூறு போட்டாலும் ‘வரவேற்பறை வசதி’யில் அடிபடுகிறது என்றார். அக்கா வாயே திறக்கவில்லை. முதலாளி எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றார். வழியில் ஆலோசகர் இறங்கினார். பிறகு மச்சான் தன் வீட்டு வாசலில் இறங்கினார். தொழிற்சாலை கேட்டில் கார் நின்றது.

அக்கா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு சொன்னாள்:

“வலை பெல்ட்டுதான் சார் நமக்கு. ஓட்டுறது நாங்க பத்துப் பேர்.”

“ம்” என்றார் முதலாளி.

அக்கா கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவரிடம் யாரும் பேசவில்லை.

மிஷின் வந்து இறங்கிய நாளில் மச்சான் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தார். மெல்லிய தகடு, அதன்மேல் அழகான கருப்பு எழுத்து. ‘இவ்வியந்திரம் நவீனமயமாக்கல் இயக்குநர் அவர்களின் தொலைநோக்காலும் பெருமுயற்சியாலும்’ என்று ஆரம்பித்து ஏழு வரி. முதல் பீஸாக அதுதான் மிஷினுக்குள் போய் வரவேண்டும், வந்ததும் சுவரில் பதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

“சார், அத உள்ள விடாதீங்க” என்றாள் அக்கா.

“நல்ல காரியத்துல குறுக்க பேசாதீங்கக்கா.”

“இல்ல சார், அந்தக் குண்டுக்கு எழுத்து, துருன்னு பேதம் தெரியாது...”

மச்சான் தன் கையாலேயே தகட்டை வலைமேல் வைத்தார். போட்டோக்காரர் மறுபக்கம் போய் நின்றார். ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்தது. திரை விலகியது.

தகடு வந்தது. ஓரம் லேசாக அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மற்றபடி அத்தனை சுத்தமான தகட்டை அந்தத் தொழிற்சாலை கண்டதில்லை. தொலைநோக்கு இல்லை, பெருமுயற்சி இல்லை, ஏழு வரியில் ஒரு புள்ளிகூட இல்லை.

“எழுத்து எங்க?” என்றார் மச்சான்.

“அழுக்கோட போயிருச்சு சார்” என்றாள் நாத்தனார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் பத்துப் பேரும் வேறு எதையும் நினைக்கவில்லை. இரண்டு பேர் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். மூன்று பேர் கவிழ்த்து அடுக்கினார்கள். மூன்று பேர் மறுபக்கம் கையுறையோடு எடுத்தார்கள். வெறுங்கை பட்டால் வியர்வை போதும், சாயங்காலத்துக்குள் புதுத் துரு வந்துவிடும். ஒருத்தி குண்டைச் சலித்தாள். அக்கா ஒவ்வொரு கிண்ணத்திலும் விரல் விட்டாள். அடித்த பீஸ் நாலு மணி நேரத்துக்குள் பெயின்ட்டுக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் போட்டாள். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்களை அதற்காக எழுப்பியும் விட்டாள்.

“சொந்த நாத்தனார்னு கூடப் பாக்க மாட்டேங்குறீங்களே அண்ணி.”

“நீ துருப் பிடிக்க மாட்டே. எழுந்திரு.”

மூன்றாவது லாட்டைப் பார்க்க சீட் கம்பெனி ஆளே நேரில் வந்தார். டேப்காரர் என்று பெயர் அவருக்கு. சிரிக்காத மனிதர். பெயின்ட்டின்மேல் கூரான கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டம் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார். டேப்போடு ஒரு கட்டம் வந்தாலும் லாட் வாபஸ். போன இரண்டு தடவையும் கட்டம் இல்லை, சதுரடிக் கணக்கில் வந்தது.

மச்சான் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு அவரை எதிர்கொண்டார். “வாங்க சார், முதல்ல டீ சாப்பிட்டுட்டு...”

“பீஸ் எங்க?”

பின் ஷெட்டில் பன்னிரண்டு நாளின் கால்களும் பெட்டி பெட்டியாக நின்றன. டேப்காரர் மேல் வரிசையைத் தொடவே இல்லை. கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். பத்துப் பேரும் சுவரோரமாக நின்றார்கள். நாத்தனார்கூடப் பேசவில்லை. அது ஒன்றே நிலைமையின் கடுமையைச் சொல்லும்.

கத்தி கீறிற்று. டேப் ஒட்டிற்று. கட்டைவிரலால் நீவினார். இழுத்தார்.

டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கச் சுவர் தெரிந்தது.

நம்பாமல் கிண்ணத்தின் உட்புறத்தில் கீறினார். ஒட்டினார். இழுத்தார். சுவர் தெரிந்தது.

வேறு பெட்டி. வேறு பீஸ். வெல்டிங் ஓரம். சுவர். இன்னொன்றைப் பிடிகருவியில் இறுக்கி வளைத்தே பார்த்துவிட்டார். கால் வளைந்தது, பெயின்ட் அதோடு சேர்ந்து வளைந்தது. முப்பது பீஸ் பார்த்தார். டேப் சுருள் தீர்ந்துபோய்ப் பையிலிருந்து புதுச் சுருள் எடுத்தார். அதிலும் பத்துக் கிழித்துவிட்டு, கத்தியை மடித்தார்.

“நாலாவது லாட் எப்ப குடுப்பீங்க?” என்றார்.

சுவரோரம் ஒரு சத்தம் எழுந்தது. பத்துப் பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் வெளியே வந்த சத்தம். பிறகு யாரோ கையுறையோடு கைதட்டினார்கள். ‘பொத் பொத்’ என்று கேட்டது. உடனே எல்லோரும் தட்டினார்கள். முதலாளியும் தட்டினார்.

டேப்காரர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். ‘குறைகள்’ என்ற இடத்தில் கோடு போட்டார். கடைசி வரியில் விரல் வைத்து நிமிர்ந்தார். “சுத்தம் செய்ததற்குப் பொறுப்பாளர் கையெழுத்து. யாரு?”

மச்சான் பேனாவின் மூடியைத் திறந்தபடி முன்னால் வந்தார்.

“நீங்க சுத்தம் செஞ்சீங்களா?”

“நான் இயக்குநர், நவீன...”

“சுத்தம் செஞ்சவங்க கையெழுத்து வேணும். நாளைக்கு ஏதாவதுன்னா நான் அவங்கள கேக்கணும்.”

நாத்தனார் அக்காவின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அக்கா முன்னால் வந்து, கையுறையைக் கழற்றி, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை டேப்காரரிடம் தராமல் நாத்தனாரிடம் நீட்டினாள்.

“ஒரு கையெழுத்துக்குத்தான் எடம் இருக்கு” என்றார் டேப்காரர்.

“நாங்க பத்துப் பேர் சார். கேக்கணும்னா பத்துப் பேரையும் கேளுங்க.”

பேனா கைமாறிற்று. அந்த ஒற்றை வரி இரண்டு பேரோடு நிரம்பியது. மூன்றாவது ஆள் ஓரத்தில் போட்டார், நாலாவது ஆள் ‘குறைகள்’ என்ற காலி இடத்தில் தாராளமாகப் போட்டார். மற்றவர்கள் முத்திரைக்கு விட்டிருந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். பத்தாவது ஆள் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்டு, நிதானமாக, பெரிதாகப் போட்டார். யாருமே அவசரப்படுத்தவில்லை.